தொட்டில் வீட்டில் தாழ்ப்பாள்

பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற அன்றைக்கு, கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள் பரிபூரணம்.

எண்பத்தாறாம் வருஷம் வரைக்கும் ராஜபாளையத்தில் அந்தத் தெரு இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை.

"மம்சாபுரத்துலயிருந்து பஸ் ஏறி வந்திருக்கோம். பிள்ள மூஞ்சியக்கூடக் காட்ட மாட்டாளாமா?" என்றாள் சின்ன மாமியார் சண்முகத்தாய்.

"வளைகாப்புல வளையல் சத்தத்துக்கே அழுதவதான!" என்றாள் இன்னொருத்தி.

கூடமே சிரித்தது.

அறைக்குள் இருந்த பரிபூரணத்துக்கு எல்லாம் கேட்டது. தாளிக்கிற வாசம், கூட்டம், ஒரு சுடுசொல், எதையும் அவளால் தாங்க முடியாது. 'ஊர்ல யாரும் பெறாத பிள்ளையா? உனக்கு மட்டும் என்னட்டி?' என்று பிள்ளை உண்டான நாளிலிருந்து தன்னையே ஏசிக்கொண்டிருந்தாள். மாமியார் ஏசியது அதில் பாதிகூட இருக்காது.

இன்றைக்குச் சற்று முன்னால் வாசலில் கட்டிய ரேடியோ குழாய் அலறியதும் பிள்ளை வீரிட்டது.

"அம்புட்டுச் சத்தத்த எப்படித் தாங்குவ? பாவம்யா நீ" என்று அணைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் காதும்தான் வலித்தது. அவளைப் பாவம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அவளே சொன்னதில்லை.

"நானும் பாவந்தான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கதவு தடதடத்தது. மாமியார் ஆவுடையம்மாள்.

"ஏட்டி, கதவத் தொற. மானம் போகுது!"

மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் அழுதுகொண்டே ஓடியிருப்பாள்.

"முடியல அத்தை. கொஞ்சம் படுத்துட்டு வாரேன். அவியளச் சாப்பிடச் சொல்லுங்க."

குரல் நடுங்கவில்லை. பரிபூரணத்துக்கே பெருமையாக இருந்தது.

"தொறக்கப் போறியா, இல்லயா?"

திறந்தாள். மாமியார் உள்ளே நுழைந்ததும் கூடம் கப்சிப். இன்றைக்கு நல்ல பூசை உண்டு என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

ஆவுடையம்மாள் கதவைச் சாத்தினாள்.

"ஏசுறதுன்னா ஏசுங்க அத்தை" என்றாள் பரிபூரணம். "ஆனா நான் படுக்கத்தான் போறேன்." சொன்னபடியே பாயில் பிள்ளையின் பக்கத்தில் படுத்தும்விட்டாள்.

ஆவுடையம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டத் திறந்த வாய் திறந்தபடி இருந்தது. கண்தான் கலங்கியது.

"அஞ்சு பிள்ள பெத்தேன்ட்டி. முடியலன்னு சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரல. மாட்டுத் தொழுவத்துல ஒளிஞ்சு நின்னு அழுவேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்.

"சண்முகத்தாயி! அந்தக் குழாய நிப்பாட்டச் சொல்லு. பந்தியப் போடு!"

குழாய் நின்றது. தாழ்ப்பாளை மறுபடி போட்டுவிட்டு மருமகளிடம் வந்தாள்.

"தள்ளிப் படுட்டி. நானும் செத்த நேரம் கண்ணசருதேன்."