நம்ம வீட்டுச் சாயல்

"பெட்டியை நீயாடி தூக்குறே?" வாசலிலேயே பதறிப்போனாள் அத்தை. "கூட வந்தவ கையை வீசிக்கிட்டு வர்றா பாரு!"

பெட்டியைப் பிடுங்கி, பின்னால் நின்ற கறுத்த சுருட்டைமுடிக்காரியின் கையில் திணித்தாள். முன்னால் நின்ற சிவத்த பெண்ணை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள்.

அண்ணன் வெளிநாட்டுக்காரியைக் கட்டியபோது, "எனக்கு அண்ணனே இல்லை" என்று தலைமுழுகியவள்தான் இந்த அத்தை. அவன் போய்ச் சேர்ந்த பிறகு மகள் போன் செய்தாள்.

"அம்மா பக்கத்து ஆளுங்க என்னை 'உங்கப்பன் இனம்'னு தள்ளி வைக்கிறாங்க. அந்த இனம் என்னைச் சேத்துக்குமான்னு பாக்க வரேன்."

சேர்த்துக்கொள்ளாமல்? வெளிநாட்டு மருமகளாயிற்றே! எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டு சோபாவில் உட்காரவைத்தாயிற்று. பரணில் குப்புறக் கிடந்த அண்ணன் படத்தையும் துடைத்து மாட்டியாயிற்று.

"பாத்தீங்களா, நெத்தி அப்படியே எங்கண்ணன்! ரத்தம் பேசுது!"

"கலர்தான் வேற மாதிரி..." என்று இழுத்தாள் எதிர்வீட்டம்மா.

"அது எங்க அண்ணி கலர். நான் பாத்ததில்லே. ஆனா வெளிநாட்டுக்காரின்னா எப்படி இருப்பான்னு தெரியாதா?"

சிவத்த பெண் நெளிந்தாள். "அம்மா, நான் வந்து..."

"அம்மா என்னடி அம்மா? அத்தைன்னு வாய் நிறையக் கூப்பிடு!"

"இல்லம்மா, நான் கிளம்பணும்..."

"வந்த கால்லயே கிளம்புறா பாருங்க! எங்கண்ணன் குணம், அச்சு அசல்!"

சுருட்டைமுடிக்காரி அண்ணன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நின்றவள் நகரவே இல்லை.

"ஏய், அங்க என்ன வேடிக்கை? தள்ளி நில்லு." அத்தை சிவத்த பெண்ணின் காதருகே குனிந்தாள். குரல் மட்டும் தெருவுக்கே கேட்டது. "இதை எந்தக் காட்டுலேருந்துடி பிடிச்சே? இருட்டுல பாத்தா நான் அலறிடுவேன்!"

எதிர்வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தையும் அதே நிறம்தான். கண்ணாடி பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும்.

"நம்ம ரத்தம்னா நூறு பேருக்கு நடுவுல நின்னாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன்," என்று சிவத்த பெண்ணின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள் அத்தை.

படத்தின் முன்னால் நின்றவள் மெல்லத் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"விட்டுடுங்க, அத்தை. டாக்ஸிக்கார அக்காவுக்கு வேற சவாரி இருக்கு."