பதினோரு நொடி

"அந்தப் பொம்பளகிட்ட கல்யாண வீடியோவைக் குடுத்தா, குறுக்க வர்ற மாமியாரைக்கூடத் தூசின்னு துடைச்சிடுவா."

காபிக்கடையில், என்கூட வேலை பார்க்கும் லோரிஸ், கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பின்னால் நிற்பதை அவன் பார்க்கவில்லை. அவன் சொன்ன பொம்பள, எங்கள் தலைவி ஓர்னெல்லா.

இத்தாலியின் பொலோன்யா நகரில், பழைய படங்களின் கீறலையும் கறையையும் நீக்கி, வீட்டில் பார்க்கிற டிஸ்க்காகக் கொண்டுவருவது எங்கள் வேலை. அப்போது கையில் இருந்தது அறுபது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். அதில் நாயகி கண்ணாடி முன் நிற்கும் இடத்தில், தெரியக் கூடாத ஒருத்தி கண்ணாடியில் தெரிகிறாள். வாயில் குண்டூசிகளோடு குனிந்து, நாயகியின் பாவாடை ஓரத்தைப் பிடித்திருக்கும் தையல்காரி. பதினோரு நொடி.

அன்று காலைதான் அந்தத் தையல்காரியின் கணவர் தார்ச்சீசியோ வந்து போயிருந்தார். அதே படத்தில் விளக்கு பிடித்தவர். வயது எண்பத்து நான்கு.

"என் நிவெஸ் போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு, சின்யோரா. போட்டோ அலமாரி நெறைய இருக்கு. ஆனா அவ அசையறது இதுல மட்டும்தான்."

"பழைய கேசட் வச்சிருப்பீங்களே?" என்றாள் ஓர்னெல்லா.

"அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டு நாடா தேஞ்சுபோச்சு. இப்ப வெறும் கோடுதான் ஓடுது."

ஓர்னெல்லா ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். இறந்துபோன இயக்குநரின் கையெழுத்து. 'கண்ணாடியில் தையல்காரி. என் தவறு. என்றைக்காவது நீக்க முடிந்தால் நீக்கிவிடுங்கள்.'

"படம் அவரோடது. நான் நீக்கித்தான் ஆகணும்."

"தெரியும். மூணு நாள் அவகூடப் பேசலை அந்த மனுஷன். அப்புறம் எங்க கல்யாணத்துல முதல் ஆளா வந்து, ரெண்டு தட்டு பாஸ்தா சாப்பிட்டார்."

ஓர்னெல்லா சிரிக்கவில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தத் துண்டை மட்டும் அவருக்கு ஒரு பிரதி போட்டு..." என்று இழுத்தேன்.

"டிஸ்க்குல வர்றதைத் தவிர படத்துல ஒரு நொடிகூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகக் கூடாது. ஒப்பந்தம். நீ வேலையைப் பாரு."

மத்தியானம் அவளே உட்கார்ந்து நிவெஸை அழித்தாள். நொடிக்கு இருபத்து நான்கு வீதம் இருநூற்று அறுபத்து நான்கு பிரேம்கள். ஒன்றைக்கூட எங்களிடம் தரவில்லை. லோரிஸ் சொன்னது சரிதான் என்று எனக்கும் தோன்றியது.

நான்கு மாதம் கழித்து டிஸ்க் வந்தது.

"தார்ச்சீசியோவுக்கு ஒண்ணு. நீ கொண்டுபோய்க் குடு," என்றாள் ஓர்னெல்லா.

"நானா?"

"நீதான் வாயைத் திறக்க மாட்டே."

தன் வீட்டில் தார்ச்சீசியோ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ இல்லாத படம் எனக்கெதுக்கும்மா? சரி, இவ்வளவு தூரம் வந்துட்டே. உனக்காகப் போடறேன்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் டிஸ்க்கில் படம் தொடங்குமுன் ஒரு முகப்புத் திரை வரும். எங்கள் வேலையைக் காட்ட, ஏதாவது ஒரு காட்சி 'முன்', 'பின்' என்று அருகருகே அதில் ஓடும். பொத்தானை அழுத்தும்வரை அதுவே திரும்பத் திரும்ப வரும். எந்தக் காட்சி என்பது தலைவியின் முடிவு. எப்போதும் கீறல் அதிகமுள்ள இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பாள்.

"அட," என்றார் அவர்.

நிமிர்ந்தேன். 'பின்' என்ற வலது பாதியில் நாயகி தனியாக நின்றாள். 'முன்' என்ற இடது பாதியில், கண்ணாடிக்குள், நிவெஸ் குனிந்து வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள். பாவாடையில் குத்தினாள். நிமிர்ந்தாள். பதினோரு நொடி முடிந்து, மறுபடி குனிந்தாள்.

கீழே, 'படத்தைத் தொடங்க அழுத்தவும்' என்று மின்னிக்கொண்டிருந்தது.

அவர் ரிமோட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.