சாப்பாட்டுக்குப் பிறகு

பொண்டாட்டியை அடித்த மறுநாள் காலையில் கதிரேசன் தவறாமல் மெடிக்கலுக்கு வந்துவிடுவான். வலி மாத்திரை, பஞ்சு, களிம்பு. பார்மசிஸ்ட் பிலோமினா எடுத்துக் கொடுப்பாள். யாருக்கு, என்ன ஆச்சு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று அவன் பொண்டாட்டி பவளம் வந்தாள். உதடு கிழிந்திருந்தது. கையிலிருந்த குழவிக்கல்லைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். கண்ணாடி விரிசல் விட்டது. கல்லில் ரத்தமும் நரைமுடியும் அப்பியிருந்தன.

"எப்பவும் வாங்கிட்டு வருவாரே, அந்த மாத்திரை குடுங்கக்கா. அவருக்குத்தான்."

பிலோமினாவின் கத்தரி தன்பாட்டுக்கு அட்டையை வெட்டியது. "சாப்பிட்டதும் ஒண்ணு போடச் சொல்லு," என்றாள் பழக்கத்தில். அப்புறம் கல்லைப் பார்த்தாள். முதல்முறையாகக் கேட்டாள்.

"முழுங்குற நிலைமையில இருக்காரா?"

பவளம் கிழிந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப எனக்கே குடுங்க."