ஐந்தாம் பாகத்தில் வரும் பெண்

அந்த வீடியோ கேமின் முதல் பாகம் ஆரோனைப் பள்ளி நாட்களில் தூங்கவிடவில்லை. அடுத்து வந்தவற்றில் பேயைவிடத் துப்பாக்கிகளே அதிகம். ஐந்தாம் பாகத்தில் பழைய பயம் திரும்பிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சிங்காநல்லூர் வீட்டில் மதியச் சாப்பாடும் ஆனபின் விளையாட உட்கார்ந்தான். மனைவி லின்சி பக்கத்தில் இருந்தாள். ஒரு வயது மகன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பாழடைந்த மருத்துவமனையின் தாழ்வாரத்தில் ஒரு பெண், முகத்தை முடி மறைக்க நின்றாள். ஆரோன் துப்பாக்கியை நீட்டினான். அவள் நெருங்கவில்லை.

“ஏனுங்க, கொழந்தை பொறவால போயிருச்சுங்க,” என்றாள்.

“தமிழ்ல டப்பிங் பண்ணிருக்கான் பாரு. அதுவும் நம்மூர்த் தமிழ்!” ஆரோன் சிரித்தான்.

லின்சி சிரிக்கவில்லை, எழுந்து ஓடினாள். பின்வாசல் திறந்திருந்தது. தண்ணீர் நிரம்பிய தொட்டியின் விளிம்பில் மகன் வயிறு வரை சாய்ந்திருந்தான்; கால்கள் தரையில் இல்லை. அள்ளி எடுத்துக்கொண்டாள்.

அந்த கேமில் தமிழே கிடையாது. ஆரோன் மறுபடி அதே இடத்துக்குப் போனபோது, அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஓடிவந்து, கேமில் அவன் ஆடும் ஆளின் கழுத்தை நெரித்தாள்.

“இன்னொருக்கா போங்க. நான் ஒரு வார்த்தை சொல்லோணும்,” என்றாள் லின்சி.

“டிவிகிட்டயா?”

“போங்கன்னா போங்க.”

இம்முறை ஆரோன் சுடவில்லை. கைகளை நீட்டியபடி அந்தப் பெண் வந்தாள்.

“ரொம்ப நன்றிங்க,” என்றாள் லின்சி.

கைகள் பாதியில் நின்றன.

“கண்ணு நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

லின்சி மகனைத் தூக்கி டிவிக்கு நேராகப் பிடித்தாள். அந்தப் பெண் முகத்து முடியை ஒதுக்கிவிட்டு அவனைப் பார்த்தாள்.