பார்வை போகும் பக்கம்

அந்தக் காட்சிக்காக மூன்று நாள், மேடை விளக்குகளை இயக்கும் கன்சோல் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பசியில் சாகும் தாயாக நடிக்கும் செங்கமலம் அக்கா மேடையின் மூலையில் சரியும்போது, தானே திரும்பக்கூடிய பன்னிரண்டு மூவிங் ஹெட் விளக்குகளும் மெதுவாகத் தலை சாய்த்து அவர்மேல் குவிய வேண்டும். அந்த வேகத்தை அவருடைய மூச்சுக்கு ஏற்றபடி பதிந்து வைத்திருந்தேன்.

நாடகம் தொடங்கும் நேரத்தில் அரங்க மேலாளர் ஞானசேகர் வந்து சொன்னார்.

"உங்க புரோகிராம் சும்மா கிடக்கட்டும் மேடம். புது சிஸ்டம் போட்டிருக்கோம். இனிமே ஜனங்க கண்ணு எங்க போகுதோ, லைட்டு தானா அங்க போயிடும்."

"அப்ப நான் எதுக்கு சார்?"

"ஆன் பண்றதுக்கு."

ஜனங்களின் கண், மேடையில் வாசல் பக்கம் வெறுமனே நின்றிருந்த கதாநாயகன்மேல் இருந்தது. வெளிச்சம் அவ்வளவும் அவன்மேல் போய் விழுந்தது. அக்கா இருட்டில் செத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அரங்கின் பின்கோடியில் எழுந்து நின்று, "நிறுத்துங்க" என்று கத்தினேன். முந்நூறு தலைகள் திரும்பின. விளக்குகளும் திரும்பி என் முகத்தில் அடித்தன. ஞானசேகர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? அந்த மூலையில ஒரு பொம்பளை சாகுறா. அவளைப் பாருங்க."

தலைகள் மூலைக்குத் திரும்பின. அவற்றின் பின்னாலேயே விளக்குகளும் போயின. அதற்குள் அக்கா தன் மரணத்தை நடித்து முடித்துக் கிடந்தார். வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தார். எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து சாகத் தொடங்கினார்.