மைப்பெட்டிக்கு மேலே

தில்லையடியில் மீரா லெப்பையின் வீட்டுக்குள் களப்புக் காற்று உப்போடு நுழைகிறது. உள்வாசலில் தொங்கும் வெள்ளைத் திரை உப்பி எழுந்து, மறுபடி நிலையில் ஒட்டிக்கொள்கிறது. அதன் அடியில் அவருடைய மனைவி சுலைகா உம்மாவின் பாதங்கள் மட்டும் தெரிகின்றன. ஈடு வைத்த வீடுகளைப் பற்றி ஆராய அரசாங்கம் அனுப்பிய மரியநாயகம், கதிரை நுனியில் இருந்தபடி, கிரீட முத்திரை பொறித்த மைப்பெட்டியைத் திறக்கிறார். “எல்லாம் நான் சொல்லிட்டேனே, தொரை,” என்கிறார் மீரா லெப்பை. மரியநாயகம் மைப்பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறார்: “வீடு அவங்கட சீதனம். போன வருஷம் உறுதிப் பத்திரம் எழுதுற நொத்தாரிசு இந்தத் திரைக்கு வெளியால இருந்துதான் அவங்கட இடது பெருவிரல் அடையாளத்தை ஈட்டு உறுதியில எடுத்தவர். ஒப்பிட்டுப் பாக்க இப்பவும் அதே விரல் வேணும்.” திரைக்குப் பின்னால் பாதங்கள் அசையவில்லை. “என்ட வீட்டை ஆரு ஈடு வெச்ச?” குரல் உயராமல் வருகிறது. முற்றத்தில் கருவாட்டுப் பாயைச் சுற்றி ஒரு காகம் தத்துகிறது. “நீ உள்ளுக்குப் போ,” என்று மீரா லெப்பை எழும்புவதற்குள், திரையின் ஓரத்தால் ஓர் இடது கை வெளியே நீள்கிறது. வளையல்கள் சரிந்து மணிக்கட்டில் விழுகின்றன. நான்கு விரல்களிலும் மருதோன்றிச் சிவப்பு. பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தில், என்றோ ஆறி வழவழத்துப்போன தழும்பு. கை நடுங்காமல் மைப்பெட்டிக்கு மேலே நிற்கிறது.

“மையைப் பூசுங்க, தொரை.”