சுவர் ஓட்டையில் ஒரு கை

முன்னறைக் கட்டிலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

நோயில் விழுந்தபோது வாடகைக்கு எடுத்த சக்கரக் கட்டில். வந்த அன்றே ஒரு சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்த பிறகுதான் படுத்தார்.

சக்கரம் வைத்த எதைக் கண்டாலும் அவருக்குக் கட்டை வைத்தாக வேண்டும். பேத்தியின் பொம்மை வண்டியைக்கூட விட்டதில்லை. லாரி ஓட்டிய கை அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

வாசலில் அவருடைய பழைய கூட்டாளிகள் மூன்று பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் லாரி ஓட்டி ஓய்ந்தவர்கள். சாவு வீடானாலும் எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பது? பேச்சு தானாகப் பழைய சாலைகளுக்குப் போய்விட்டது.

மேட்டடிச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி முதலில் பேச்செடுத்தவர் ஹாரன். மெதுவாகப் பேச வராததால் வந்த பெயர் அது.

சாலையை விட்டு இறங்கினால் ஒரு தகரக் கூரை. ஆடுகிற பெஞ்சுகள். டிரைவர்கள் குளிக்க ஒரு தொட்டி. சமையலறைச் சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை.

வண்டிச் சாவியால் ஓட்டையோரம் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து தட்டோடு ஒரு கை நீளும். முகம் தெரியாது. முழங்கை வரைக்கும் கை மட்டும்தான்.

தட்டுகிற சத்தத்தை வைத்தே வந்திருப்பது யார் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். ஹாரன் தட்டினால் காரம் தூக்கலாக வரும். மூவரில் அப்போதே பல் போயிருந்தவர் தட்டினால் ரொட்டி குழம்பில் ஊறியே வரும். கூடக் கேட்டால் விரலை ஆட்டி மிரட்டும். அதற்கும் அடங்காமல் தட்டினால் மூஞ்சியில் தண்ணீரைத் தெளிக்கும்.

மூன்று கிழவர்களும் சிரித்துவிட்டார்கள்.

உள்ளே, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அது அவள் அக்காவின் கை.

அந்தச் சுவருக்குப் பின்னால் அக்கா தட்டு நீட்டுவாள், இவள் தட்டு கழுவுவாள். ஒருநாள் மேட்டில் நின்ற லாரி ஒன்று தானாக உருண்டு வந்து பின்சுவரைச் சாய்த்தது. தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் இவள் தப்பினாள். அக்கா தப்பவில்லை.

கேஸாகிவிடும் என்று பயந்து, கடைக்காரர் வந்த லாரிகளை நிற்கவிடாமல் விரட்டினார். ஒரே ஒரு டிரைவர் மட்டும் போகவில்லை. வெறுங்கையால் செங்கல்லை வாரி, நகம் பெயர்ந்து, அக்காவை வெளியே எடுத்தது அவர்தான். உருண்ட வண்டிக்காரன் ஓடிவிட்டான் என்றும் அவர்தான் சொன்னார். யார் பெற்ற பிள்ளையோ என்று அம்மா அவர் காலில் விழுந்தாள். சில மாதம் கழித்து அவரே வந்து பெண் கேட்டார். தெய்வம் வந்து கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

பழசைக் கிளற வேண்டாம் என்றார். தன் கூட்டாளிகளிடம்கூட அவள் எங்கிருந்து வந்தவள் என்று சொல்லக் கூடாது என்றார். தன் மனம் நோகக் கூடாதே என்று பார்க்கிறார் என்று அவள் உருகிப் போனாள்.

அதனால் அக்காவைப் பற்றி இதுவரை ஒருவரும் அவளிடம் பேசியதில்லை. இன்றைக்குத்தான் பேசுகிறார்கள். அந்தக் கை என்ன ஆனது என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

ஹாரன் அதைக் கேட்கவில்லை. வேறொன்றைச் சொன்னார்.

“அந்தக் கடைக்கு மூடுவிழா நடத்துனதே நம்ம ஆளுதானப்பா! முதல்ல போய்த் தட்டுறவனுக்குத்தான் சுடச்சுடக் கிடைக்கும்னு, சக்கரத்துக்குக் கட்டைகூட வைக்காம குதிச்சு ஓடிட்டான். வண்டி நேராப் போய் அடுப்படியில நின்னுச்சு. நல்லவேளை, உள்ள ஈ காக்கா இல்லைன்னு அப்புறமா அவனே சொன்னான்.”

மறுபடியும் சிரிப்பு. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனவனை நினைத்துச் சிரிப்பதும் ஒரு மரியாதைதான்.

அவள் அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

அவருடைய வலது கையைப் பார்த்தாள். நகம் திரும்ப முளைக்காத விரல். எத்தனையோ முறை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்ட விரல்.

அவர் தோண்டியது பொய்யில்லை.

கொஞ்ச நேரத்தில் பிணம் ஏற்றும் வேன் வந்து நின்றது. தெரு நல்ல சரிவு. முட்டுக் கொடுக்க ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லி, வேன்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கத்தினார். இந்த வீட்டில் கட்டைக்கா பஞ்சம் என்று ஹாரன் எழுந்து உள்ளே வந்தார்.

கட்டிலுக்கு அடியில் கட்டை இல்லை. கட்டில் மெல்ல நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. தலைமாட்டில் யாரும் இல்லை. அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே போய் அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்கி, இடுப்பில் தொங்கிய சாவியை எடுத்துக் கதவில் தட்டினார்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. கட்டையைப் பிடித்தபடி ஒரு கை வெளியே நீண்டது. முழங்கை வரைக்கும் கை மட்டும்தான்.

வாங்குவதற்கு ஹாரனுக்குக் கை எழவில்லை.

“உள்ள எங்க அக்கா இருந்தாண்ணே” என்றாள்.